எரிக்காத தேன்பெட்டி

மேலகரம்,
பகுதானிய வருடம், மாசி மாதம்.

சௌபாக்கியவதி மகள் மாரித்தாய்க்கு அம்மா முருகம்மாள் ஆசீர்வதித்து எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் பசுவும் கன்றும் சுகம், பினாங்கில் நீயும் மாப்பிள்ளையும் குறையில்லாமல் இருப்பதை உன் கையெழுத்தில் பார்த்தால்தான் எனக்குச் சோறு இறங்கும். புரட்டாசிக்குப் பிறகு அம்மா ஒரு வரிகூட எழுதவில்லையே என்று கோபித்துக்கொண்டிருப்பாய். நல்ல சேதி கையில் வரட்டும் என்று பொறுத்திருந்தேன், இப்போது வந்துவிட்டது. உன் தேனீ பிழைத்துவிட்டது மகளே. நீ இலுப்பைமரப் பொந்தில் கையை விட்டுப் பிடித்து வந்து வளர்த்தாயே, அந்த முதல் பெட்டி மட்டுமல்ல, தோப்பிலிருக்கிற அத்தனை பெட்டியும் பிழைத்துவிட்டது. எரிப்பதானால் எரித்துவிடுங்கள், எனக்கு ஒன்றும் வருத்தமில்லை என்று எழுதினாயே, அதை வாசித்துவிட்டு நான் அழுதேன். வருத்தமில்லாதவள் அதையே திரும்பத் திரும்ப எழுதுவாளா?

உண்ணி பிடித்து, ஈயெல்லாம் சிறகு சுருங்கிப் பெட்டி வாசலில் ஊர்ந்து செத்துக்கொண்டிருந்ததையும், பெட்டிகளை எரிக்க வேண்டியிருக்கும் என்பதையும் அப்போதே எழுதியிருந்தேன், யார் சொல்லி என்பதை எழுதவில்லை. பக்கத்துத் தோப்பு கிதிர் முகம்மது மாமா தன்னுடைய பெட்டிகளைக் கொளுத்திவிட்டு, ஆசாரியிடம் புதுப்பெட்டி செய்து வாங்கி வைத்துக்கொண்டு அப்பாவிடம் வந்து நின்றார். 'அண்ணாச்சி, ஒங்க பெட்டில உண்ணி இருக்குத வரைக்கும் நான் ஈ வளக்க முடியாது, நீங்களும் கொளுத்திருங்க' என்றார். அவர் சொன்னதில் நியாயம் இருந்தது, அதுதான் எனக்கு ஆத்திரம். மழை விட்டதும் கொளுத்திவிடுகிறேன் என்று உன் அப்பாவும் வாக்குக் கொடுத்துவிட்டார். அன்று முதல் மழை நிற்கக் கூடாது என்று சாமி கும்பிட்டேன், அறுப்புக்குக் கிடக்கிற நெல்லை வைத்துக்கொண்டு இப்படி வேண்டிக்கொண்டவள் இந்த வட்டாரத்திலேயே நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

ஐப்பசி மழையில் அருவியில் நல்ல தண்ணீர் விழுந்தது. அப்பா குற்றாலத்துக்கு எண்ணெய் தேய்த்துக் குளிக்கப் போனார். வழக்கம்போல நல்லெண்ணெயில் ஊறிய துண்டோடு வந்தவர், அதைத் துவைக்கப் போடாமல் உன் பெட்டியின் அடிப்பலகையில் விரித்து வைத்திருக்கிறார். மறுநாள் கேட்டால், 'மழைக்கு எறும்பு ஏறுதுட்டி, எரியுத நாள் வரைக்கும் அதுகள எறும்பு திங்க வேண்டாம்லா' என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். வாக்குக் கொடுத்த வாய் ஒன்று, மனசு ஒன்று. நான் அந்தத் துண்டைத் துவைப்பதற்காக உருவினேன், அதில் செக்கச் செவேலென்று கடுகில் பாதி அளவுக்கு உண்ணிகள் எண்ணெயில் ஒட்டிக்கொண்டு கிடந்தன. ஈயின் மேலிருந்து உண்ணி தவறி விழத்தான் செய்கிறது, வெறும் பலகையில் விழுந்தால் மறுபடி ஏறிக்கொள்கிறது, எண்ணெயில் விழுந்தால் ஏற முடியவில்லை. எனக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை.

தானாக விழுகிறதை விழ வைத்தால் என்ன என்று தோன்றியது. மாட்டு உண்ணிக்குப் புகையிலைத் தண்ணீர் தெளிக்கிறோமே, ஈயைக் குளிப்பாட்ட முடியாது, புகையாவது காட்டலாம் என்று புகையிலையைத் தணலில் போட்டு வாசல் வழியாக ஊதினேன். முதல் தடவை ஆசையில் அதிகமாக ஊதிவிட்டேன், ஈயெல்லாம் கள் குடித்தவர்கள் மாதிரி உருண்டு விழுந்தன, நானே கொன்றுவிட்டேன் என்று தோப்பில் உட்கார்ந்து ஒப்பாரி வைத்தேன். வெயில் ஏறியதும் ஒவ்வொன்றாக எழுந்தன. பிறகு அளவு பிடிபட்டது, மற்றப் பெட்டிகளுக்கும் எண்ணெய்த் துண்டு விரித்துப் புகை காட்டினேன். ஈயின் காலில் எண்ணெய் படாமலிருக்கத் துண்டுக்கு மேலே பழைய கொசுவலையை இழுத்துக் கட்டினேன், உண்ணி வலைக்கண் வழியாக விழும், ஈ இறங்காது. தேனடையின் மூடிய அறைக்குள் புழுவோடு ஒளிந்திருக்கிற உண்ணி பிறகுதான் வெளியே வரும் என்பதால் விட்டு விட்டுப் பல தடவை ஊத வேண்டியிருந்தது. 'பூச்சிக்கெல்லாம் பொகையில போடுதே, எனக்கு ஒரு வெத்தல மடிச்சுத் தர ஒனக்கு நேரமில்ல' என்று அப்பா முணுமுணுத்தார். ஆனால் கார்த்திகையில் மழை விட்டும் அவர் தீப்பெட்டியை எடுக்கவில்லை, மாமாவிடம் போய் இன்னும் கொஞ்சம் பொறுங்கள் என்று கேட்டுவிட்டு வந்தார். தை பிறந்தபோது துண்டு சுத்தமாக வந்தது. இப்போது தன் துண்டுதான் தேனீயைக் காப்பாற்றியது என்று தென்காசிச் சந்தை வரைக்கும் சொல்லிக்கொண்டு திரிகிறார், நானும் மறுத்துப் பேசவில்லை.

போன வாரம் உன் பெட்டியிலிருந்து ஒரு ஈக்கூட்டம் பிரிந்து மாமரக் கிளையில் தொங்கியது. அதைப் பிடித்து வைக்க அப்பா நம் வீட்டுக் காலிப் பெட்டி ஒன்றைத் தூக்கி வந்தார். நான் வேண்டாமென்று சொல்லி கிதிர் முகம்மது மாமாவை ஆள்விட்டு அழைத்து, அவருடைய காலிப் பெட்டியிலேயே அந்தக் கூட்டத்தை இறக்கிக் கொடுத்தேன். பெட்டியை இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டார். 'தங்கச்சி, நான் கொளுத்தச் சொன்னத மருமவட்டச் சொல்லிராதே' என்றார். சரி அண்ணாச்சி, சொல்ல மாட்டேன் என்றேன். அவர் தோப்பைத் தாண்டியதும் வீட்டுக்குள் வந்து இதை எழுத உட்கார்ந்துவிட்டேன்.

தலை ஈரத்தோடு படுக்காதே, மாப்பிள்ளையை நேரத்துக்குச் சாப்பிடச் சொல். மாமாவுக்கு இரண்டு வரி எழுது, ஈ சுகமா என்று மட்டும் கேள், வேறொன்றும் உனக்குத் தெரியாது. நெல்லையப்பரும் காந்திமதியும் உங்கள் இருவரையும் தீர்க்காயுசாக வைக்கட்டும்.

உன் அன்புள்ள அம்மா,
முருகம்மாள்