பிஸ்கட் டின் இனி வேண்டாம்

காஜா பெராங், மலாக்கா
9.9.1957

அன்புள்ள அத்தானுக்கு,

மகளைப் பள்ளியிலிருந்து நிறுத்தச் சொல்லி எழுதியிருந்தீர்கள். நிறுத்த மாட்டேன்.

டீச்சரும் போன மாதம் அதையேதான் சொன்னார். "ஒரு நிமிஷம் உட்கார மாட்டேங்குது. இதுக்குப் படிப்பு ஒட்டாதும்மா."

"அவ உடம்புல சோறே ஒட்டல, டீச்சர். படிப்பு மட்டும் எப்படி ஒட்டும்?" என்று கேட்டுவிட்டு, நேரே ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனேன். கோதுமை அவள் குடலுக்கு ஆகாதாம்; அதனால் எதைத் தின்றாலும் சத்து சேராமல் கழிந்துவிடுகிறதாம். பிள்ளை மெலிகிறாளே என்று நீங்கள் சிங்கப்பூரிலிருந்து மாதாமாதம் அனுப்பிய கோதுமை மாவு பிஸ்கட்டைத்தான் நான் வேளை தவறாமல் தேநீரில் நனைத்து ஊட்டினேன். குற்றம் இருவருக்கும் பாதி. இனி டின் அனுப்ப வேண்டாம்.

ஒரு மாதமாக, உங்களுக்குச் சொல்லாமல், சோறும் கஞ்சியும் மட்டுமே கொடுக்கிறேன். கன்னத்தில் சதை பிடித்திருக்கிறது. கவனம் மட்டும் இன்னும் நிற்கவில்லை. "அது வேறு விஷயம், நிற்காமலும் போகலாம்" என்றார் டாக்டர். நிற்காவிட்டாலும் பள்ளிக்குப் போவாள்.

கடைசி வரியை அவளையே எழுதச் சொன்னேன். நடுவில் நான்கு முறை எழுந்து ஓடினாள். முடிக்கும்வரை காத்திருந்தேன்.

உங்கள் மனைவி

அப்பா நான் பள்ளிக்கூடம் போவேன்.