கிளச் இல்லாமல் மன்னாருக்கு

மச்சாள்,

இன்று காலை எங்கள் மீன் வானுக்குப் பிரேக் ஒயில் விட்டபோது கொஞ்சம் விரலில் பட்டுவிட்டது. கிளச்சுக்கும் அதே எண்ணெய்தான். சவர்க்காரம் போட்டுக் கழுவியும் மணம் போகவில்லை. பிள்ளைகளுக்குப் பிட்டு வைக்கும்போதும் விரலில் அது இருந்தது. உன்னோடு பேசாமல் இன்றைய நாள் நகராது என்று தெரிந்தது. உட்கார்ந்து எழுதுகிறேன்.

இடப்பெயர்வு முடிந்து நாங்கள் திரும்பி வந்தபோது வளவு எது, காடு எது என்று தெரியவில்லை. முள்ளிக்குளத்துக்குப் பக்கத்தில் பற்றை வெட்டி, தறப்பாள் கூரை கட்டி இருந்தோம். என் மனுசன், உன் அண்ணன், திரும்பி வரவில்லை. எனக்குப் பிள்ளைகளும் நீயும்தான். கடலுக்குப் போகிறவர்கள் மீனோடு கரைக்கு வருவார்கள். அதை மன்னாருக்கு ஏற்ற வழி இருக்காது. பஸ் எங்கள் பக்கம் வராத காலம். அடம்பனில் ஒரு வயல்காரரின் மாட்டுக்கொட்டிலுக்குப் பின்னால் ஓடாமல் நின்ற வானை வாங்குவோம் என்று சொன்னவள் நீதான். இடம்பெயர்ந்திருந்த காலத்தில் உழவு இயந்திரம் ஓடப் பழகியவள் அல்லவா!

"பொம்பிளையள் வான் ஓடி மீன் ஏத்துறதோ?" என்று கரையில் ஒருவர் கேட்டார்.

"ஆர் ஓடுறது எண்டு மீன் கேக்காது அண்ணை, பெட்டியைத் தூக்குங்கோ" என்றாய்.

சில மாதம் நன்றாக ஓடியது. பிறகு கியர் விழ மறுத்தது. றிவேஸ் போட்டால் கறகறவென்று சத்தம். கிளச் பெடலை இரண்டு மூன்று தரம் அமத்தினால்தான் கியர் உள்ளே போகும். ஒரு கராஜில் காட்டினோம். கிளச் தட்டுத் தேய்ந்துவிட்டது, கியர் பெட்டியை இறக்க வேண்டும், வானை விட்டுவிட்டுப் போங்கோ என்றார்கள். நான் தலையாட்டிவிட்டேன். நீ சாவியைக் கொடுக்காமல் வானைத் திருப்பினாய். சிலாவத்துறை தாண்டியதும் சொன்னாய்.

"தட்டுத் தேஞ்சிருந்தா எஞ்சின் கத்தும், வான் இழுக்காது. இது பெட்டி நிறைய மீனோட மணலுக்கையும் இழுக்குது. தட்டில பிழையில்லை. எது வேலை செய்யுது எண்டு முதல் பார் மச்சாள்."

"அப்ப என்ன பிழை?"

"கால் அமத்திற பலம் கிளச்சுக்குப் போய்ச் சேரேல்லை. நடுவில எண்ணெய்தான் அதைக் கொண்டு போறது. எண்ணெய் எங்கையோ போகுது, இல்லாட்டி காத்துப் பூந்திட்டுது."

அடுத்த நாள் எண்ணெய்க் குப்பியைப் பார்த்தோம். குறைந்திருந்தது. நிரப்பினோம். வானுக்குக் கீழே படுத்து, கியர் பெட்டியின் பக்கத்தில் இருந்த சின்னச் சிலிண்டரையும் குழாய்ப் பொருத்துக்களையும் காய்ந்த துணியால் துடைத்துப் பார்த்தாய். எங்கும் ஈரமில்லை. எண்ணெய் எப்படிக் குறைகிறது என்று இருவருக்கும் விளங்கவில்லை. தேடி முடிக்க எங்களுக்கு நேரம் கிடைக்கவில்லை.

அன்று மத்தியானம் பற்றை வெட்டிக்கொண்டிருந்த அடுத்த வளவுச் சூசையண்ணையை விரியன் கடித்தது. அவருடைய மனைவி தலைவிரிகோலமாக ஓடி வந்தா. வேறு வாகனம் இல்லை. அவரைப் பின்னால் படுக்க வைத்துப் புறப்பட்டோம். பாதி வழியில் நீ கியர் மாற்றக் காலை வைத்தாய். பெடல் தரையோடு ஒட்டிக்கொண்டது. எழும்பவில்லை. நீ காலால் கிண்டி எடுத்து மறுபடி அமத்தினாய். வெறுமையாகப் போய் விழுந்தது.

"முடிஞ்சுதோ?" என்று கேட்டேன்.

"கிளச் முடிஞ்சுது. எஞ்சின் இருக்குது, பிரேக் இருக்குது. போவம்."

எஞ்சினை நிறுத்தி, முதல் கியரில் போட்டு, அப்படியே சாவியைத் திருப்பினாய். வான் குதித்துக் குதித்துப் புறப்பட்டது. வேகம் எடுத்ததும் அக்சிலேற்றரை விட்டு, கியரை நடுவுக்கு இழுத்து, எஞ்சின் சத்தம் இறங்கும்வரை காது கொடுத்து, மெல்ல அடுத்ததற்குள் தள்ளினாய். ஒருமுறை கறகறத்தது. அடுத்த முறை வழுக்கிக்கொண்டு போனது. பின்னால் அவருடைய மனைவி செபமாலை சொல்லிக்கொண்டிருந்தா. நான் உன் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

தள்ளாடிச் சோதனைச் சாவடியில் ஆமிக்காரர் மறித்தார்கள். நிற்காமல் போக முடியாத காலம். எஞ்சினை நிறுத்தி வானை நிறுத்தினாய். ஒரு பெடியன் துவக்கோடு எட்டிப் பார்த்தான். "சர்ப்பயா, மாத்தயா" என்று தெரிந்த சிங்களத்தில் பாம்பைச் சொல்லி, சூசையண்ணையின் காலைக் காட்டினாய். வீக்கம் முழங்காலுக்கு ஏறியிருந்தது. சாவியைத் திருப்பினாய். பற்றறி முனகியது, வான் நகரவில்லை. "கிளச் நே" என்றாய், கையை விரித்து. அவன் திரும்பி ஏதோ கத்தினான். மூன்று நான்கு பேர் ஓடி வந்து பின்னால் கை வைத்தார்கள். அவர்கள் தள்ள, நீ சாவியைத் திருப்ப, வான் உதறிக்கொண்டு மன்னார்ப் பாலத்தில் ஏறியது. எங்களை எத்தனையோ தரம் இறக்கிப் பரிசோதித்த இடம் அது. அன்று அவர்கள் தள்ளியதை நீ பிறகு யாருக்கும் சொல்லாமல் விட்டதில்லை.

சூசையண்ணை பிழைத்தார். அந்தக் காலை இப்போதும் கொஞ்சம் இழுத்துத்தான் நடக்கிறார்.

அவரை வார்ட்டில் விட்ட பிறகு, ஆஸ்பத்திரிக்கு வெளியே வேப்பமர நிழலில் நீ விட்ட இடத்திலிருந்து தேடத் தொடங்கினாய். வானுக்குள் தலைகீழாகக் குனிந்து, பெடலுக்கு மேலே, தண்டு உள்ளே போகும் இடத்தில் விரலை விட்டாய். விரல் நனைந்து வந்தது. அங்கே இரும்பில் பூச்சு உரிந்திருந்தது. கீழே விரிப்பு ஊறியிருந்தது. "எண்ணெயைத் தள்ளுற மாஸ்ரர் சிலிண்டர் றப்பர் தேஞ்சுபோச்சு மச்சாள்! நாங்கள் கீழ தேட, இது எங்கட காலடியில ஒழுகியிருக்குது!" என்று நீ போட்ட சத்தத்தில் காவலாளி ஓடி வந்துவிட்டார்.

கடையில் றப்பர் வாங்கி அங்கேயே மாற்றினோம். பிறகு குழாய்க்குள் புகுந்த காற்றை வெளியே எடுக்க வேண்டும். நீ ஸ்பனரோடு கீழே, நான் பெடலில்.

"அமத்து! அப்பிடியே பிடி!" கீழே சின்னச் சிலிண்டரின் நிப்பிளைத் திறப்பாய். போத்திலுக்குள் எண்ணெயும் குமிழியும் சீறும். மூடுவாய். "இப்ப விடு. நான் மூட முன்னம் காலை எடுத்தியோ, காத்துத் திரும்பப் பூந்திடும்."

என் கால் நடுங்கத் தொடங்கிய நேரத்தில் குமிழி நின்றது. பெடல் காலை எதிர்த்துத் தள்ளியது. அந்த எதிர்ப்பு எவ்வளவு சந்தோசம் தரும் என்று அன்றுதான் அறிந்தேன்.

பிறகு உனக்கு வயிற்றில் கட்டி வந்தது. கடைசி மாதங்களில் கட்டிலில் கிடந்தபடி, "கை வேலை செய்யுது, வாய் வேலை செய்யுது, இன்னும் என்ன?" என்று சிரித்து, பிள்ளைகளுக்குப் பின்னல் போட்டுவிட்டாய். போய்விட்டாய்.

உன் முப்பத்தோராம் நாள் செபம் முடிந்ததும் எல்லாரும் வானை விற்கச் சொன்னார்கள். அதுவரை நான் வானில் உன் பக்கத்துச் சீற்றில் இருந்து வந்தவள் மட்டும்தானே. அடம்பன் வயல்காரரே திருப்பி வாங்க வந்திருந்தார். அவருக்குத் தேத்தண்ணீர் கொடுத்தேன். "விக்கேல்லை அண்ணை. நான் ஓடப் பழகிறன்" என்றேன். சொன்ன பிறகுதான் எனக்கே அது தெரிந்தது.

லைசென்ஸ் எடுத்து முதன்முதல் மீன் ஏற்றிப் போன காலையில், சிலாவத்துறைச் சந்தியில் வான் நின்றுவிட்டது. பழுது ஒன்றுமில்லை, கிளச்சைச் சட்டென்று விட்டுவிட்டேன். பின்னால் ஒரு லொறி ஹோர்ன் அடித்தது. கடைக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள். இறங்கி ஓடிவிடலாம் போல இருந்தது. நீ என்றால் இறங்கமாட்டாய். நானும் இறங்கவில்லை. ஹோர்ன் அடிக்கிறவன் அடிக்கட்டும் என்று சாவியைத் திருப்பினேன். ஐஸ் கரைய முன்னம் மன்னார்ச் சந்தைக்குப் போய்விட்டேன்.

உன்னிடமிருந்து என்னிடம் மிஞ்சியிருப்பது அந்தப் பிடிவாதம்தான். நாளைக்கும் விடிய மீன் இருக்குது. போறன் மச்சாள்.