எழுபத்தி நாலு வயசுக் கணக்கு

மார்ச் 3

மீசைக்கு அப்பா எழுதிக்கொள்வது. எழுதுவது உன் அக்கா, சொல்வது நான். போன் பண்ணினால் மீட்டிங் என்று வைத்துவிடுகிறாய். காகிதத்தை அப்படி வைத்துவிட முடியாது.

அக்கா மகள் வாலு மூன்று வாரமாகப் பள்ளிக்கூடம் போகவில்லை. உங்கள் கம்பெனி ஆப்பில் எவனோ அவள் வயசுப் பெண் மாதிரி பேசி, பல்லில் கம்பி தெரிய அவள் சிரிக்கிற படத்தை வாங்கி, கீழே அசிங்கமாக எழுதிப் போட்டிருக்கிறான். வகுப்பு முழுக்கப் பார்த்துவிட்டது. அக்கா நாலு தடவை புகார் கொடுத்தாள். 'உங்கள் கருத்துக்கு நன்றி' என்று பதில் வருகிறது. புகார் பார்க்கிற இடத்தில்தானே நீ உட்கார்ந்திருக்கிறாய்? அந்தப் படத்தை எடு. பதினோரு வயசுப் பிள்ளையை உள்ளே விட்டது யார் என்றும் கேட்டு எழுது.

அப்பா
(கைநாட்டு)


மார்ச் 14

அன்புள்ள அப்பாவுக்கு,

எனக்கு நாற்பது வயசாகிறது. இன்னும் மீசை என்று எழுதாதீர்கள்.

பார்த்தேன். வாலுவின் கணக்கில் வயசு எழுபத்தி நாலு என்று இருக்கிறது. கொடுத்திருப்பது உங்கள் பிறந்த வருஷம். குழந்தை என்றால் உடனே எடுக்க விதி உண்டு. பெரியவர் என்றால் இது வெறும் கேலி, எடுக்க வேண்டியதில்லை. பொய் வயசு கொடுத்தது நம் வீடு. கம்பெனி என்ன செய்யும்? வீட்டில் இருக்கிறவர்கள் கவனித்திருக்க வேண்டும். மேலே இருக்கிறவர்களைக் கேட்காமல் நான் கை வைத்தால் என் வேலை போய்விடும். மருந்தை வேளைக்குச் சாப்பிடுங்கள்.

உங்கள் மகன்


மார்ச் 26

மீசைக்கு,

நிஜம்தான். "தாத்தா, எந்த வருஷம் பொறந்தீங்க?" என்று கேட்டாள். பெருவெள்ளம் வந்த வருஷம் என்று கணக்குப் போட்டுச் சொன்னேன். 'சம்மதம்' என்கிற இடத்தில் என் விரலைப் பிடித்து வைத்தாள். படித்துக் காட்டச் சொல்லாமல் நான் எதிலும் விரல் வைத்ததில்லை. அன்றைக்கு வைத்தேன். என் தப்பு. போனைக் கொடுத்தது அக்கா தப்பு. உங்கள் தப்பை மட்டும் காணோம்.

அந்தக் கணக்கில் பொம்மை விளம்பரமாக வந்து கொட்டியதாம். எழுபத்தி நாலு வயசுக் கிழவனுக்கு எதற்கடா பொம்மை? விற்கும்போது அவளுக்குப் பதினொன்று, காப்பாற்றும்போது எழுபத்தி நாலா?

முப்பத்தொரு வருஷம் தியேட்டர் கதவில் நின்றேன். எழுத்துத் தெரியாது, முகம் தெரியும். பெரியவர்கள் படத்துக்கு நீ மையால் மீசை வரைந்துகொண்டு வந்து நின்றாய். "டிக்கெட் வாங்கிட்டான்ல, விடுய்யா" என்றார் முதலாளி. "டிக்கெட் சரியா இருக்குங்க, மீசைதான் வேர்வையில வழியுது" என்றேன். உன்னை வெளியே அனுப்பினேன். ஒரு வாரம் நீ என்னோடு பேசவில்லை. அதற்காக ஒரு மாசம் முதலாளி என்னைக் கதவிலிருந்து எடுத்துச் சைக்கிள் ஸ்டாண்டில் நிறுத்தினார். பிள்ளையை ஏன் வெளியே விட்டாய் என்று உன் அம்மாவை நான் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கதவில் நின்றது நான்.

இதுவரை எழுதியது அக்கா. இப்போது பேனாவை வாலு வாங்கிக்கொண்டாள். அடுத்த வரி அவள் கையெழுத்து.

வயசு பதினொன்று.

கடிதம் முழுவதும் வாலுவே படித்துக் காட்டினாள். கேட்டுவிட்டுத்தான் விரல் வைக்கிறேன்.

அப்பா
(கைநாட்டு)


ஏப்ரல் 9

அப்பா,

படத்தை எடுத்துவிட்டேன். அந்த ஆளையும் வெளியே தள்ளிவிட்டேன். மேலே கேட்கவில்லை.

யார் அனுமதி கொடுத்தது என்று கூப்பிட்டுக் கேட்டார்கள். உங்கள் கடிதத்தை மேஜையில் வைத்தேன். அவர்களுக்குத் தமிழ் தெரியாது, கைநாட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். நானே அவர்கள் பாஷையில் படித்துக் காட்டினேன். பொம்மை வந்த இடத்தில் ஒருவரும் தலை நிமிரவில்லை. விதி அப்படியேதான் இருக்கிறது. இங்கே சைக்கிள் ஸ்டாண்டு கிடையாது, வீட்டுக்கே அனுப்பிவிட்டார்கள்.

வாலு திங்கட்கிழமை பள்ளிக்கூடம் போனாளா என்று எழுதச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
மீசை