கல்லில் ஒட்டிய மெழுகு

திண்டிவனம்
28-9-2025

அன்புள்ள தம்பி அன்புச்செல்வனுக்கு,

இயேசுவுக்குப் புகழ். அக்கா பிரபாவதி எழுதுகிறேன். இங்கே நானும் மாமாவும் சுகம். மாமாவுக்குச் சர்க்கரை ஏறி இறங்குகிறது. இனிப்பு டப்பாவை நான் ஒளித்து வைக்கும் இடமெல்லாம் அவருக்கு அத்துப்படி. நீயும் கவிதாவும் பிள்ளைகளும் குவைத்தில் நலமாக இருக்க வேண்டிக்கொள்கிறேன்.

போனில் தினமும் பேசும்போது கடிதம் எதற்கு என்று கேட்பாய். எதிர்வீட்டுப் பையன் தென்னரசு நாளை குவைத்துக்குப் பறக்கிறான். அவனிடம் மல்லாட்டைப் பொடியும் எலுமிச்சங்காய் ஊறுகாயும் கொடுத்து அனுப்புகிறேன். வெறும் டப்பாவாகப் போக வேண்டாமே என்றுதான் இதை எழுதுகிறேன். கடலைப் பொடியைக் கவிதா ஃபிரிட்ஜில் வைக்கக் கூடாது, போன தடவை மாதிரி கட்டி தட்டிப்போகும்.

முக்கியமான சங்கதிக்கு வருகிறேன். போன வருஷம் ஃபெஞ்சல் புயலில் நாம் பிறந்த ஊர்க் கல்லறையின் கிழக்கு மதில் அப்படியே சாய்ந்துவிட்டது என்று சொன்னேன் அல்லவா? இப்போது புது மதில் கட்டப் போகிறார்கள். அதற்கு முன்னால் யார் யார் எங்கே அடக்கமாகி இருக்கிறார்கள் என்று ஒரு பதிவேடு எழுதிவிட வேண்டும் என்று பங்குச் சாமியார் சொல்கிறார். நவம்பர் இரண்டாம் தேதி கல்லறைத் திருநாள் பூசையில் எல்லாப் பெயரையும் வாசிப்பாராம். எழுதுகிற பொறுப்பு யாருக்கு? உன் அக்காவுக்குத்தான். டீச்சர் கையெழுத்துதான் கண்ணுக்கு லட்சணமாக இருக்கும் என்று சாமியாரே சொன்னார். நான் வேண்டாம் வேண்டாம் என்று சொல்லிக்கொண்டே வாங்கிக்கொண்டேன்.

கல்லறை கிடக்கிற கிடப்பைப் பார்த்தால் உனக்கு வயிறு எரியும். வேலிகாத்தான் முள் ஆள் உயரத்துக்கு மூடிக்கிடக்கிறது. பெரியவர்கள் வரிசை எது, குழந்தைகள் வரிசை எது என்று ஒன்றும் புரியவில்லை. வாசலிலிருந்து நம் அம்மாவின் கல்லுக்குப் போக ஒற்றையடிப் பாதை ஒன்று இருக்கிறது, அதுவும் நாம் வருஷா வருஷம் ஆள் வைத்து வெட்டுவதால்தான். மற்றவர்கள் எல்லாம் மண்மேட்டை வைத்துவிட்டு மறந்துபோனவர்கள். பெற்றவர்கள் எங்கே கிடக்கிறார்கள் என்று கேட்டால் தலையைச் சொறிகிறார்கள். எனக்குக் கோபம் கோபமாக வருகிறது. நீ அங்கே வெயிலில் காய்ந்து சம்பாதித்து அம்மாவுக்குக் கிரானைட் கல் வைத்தாய். பக்கத்தில் இருக்கிறவர்கள் ஒரு சிலுவை நட்டு வைக்கக் கூடாதா?

நம் தெருவில் நன்றி உள்ளவள் என்றால் அம்மணி ஒருத்திதான். அம்மாவோடு மல்லாட்டைக் களை எடுக்கப் போவாளே, அதே அம்மணி. ஒவ்வொரு கல்லறைத் திருநாளுக்கும் நமக்கு முன்னால் வந்து அம்மா கல்லின் மேல் ஒரு மெழுகுவத்தி கொளுத்தி வைத்திருப்பாள். என்ன, மெழுகு உருகிக் கிரானைட்டில் ஒட்டிக்கொள்கிறது, பிளேடு போட்டுச் சுரண்ட வேண்டியிருக்கிறது. போன வருஷம் அவளிடம், கல்லு மேல வேணாம், கீழே மண்ணுல வைம்மா என்று சொன்னேன். சரிங்க டீச்சரம்மா என்று எடுத்து ஓரமாக வைத்துவிட்டாள். கிளம்பும்போது ஒரு புடவை கொடுத்தேன். அம்மாவை மறக்காதவளுக்கு நாம் ஏதாவது செய்ய வேண்டும் அல்லவா?

அடுத்த வாரம் முள் வெட்ட ஆள் வருகிறது. வெட்டி முடித்ததும் அம்மா கல்லைச் சுற்றிலும் வெளிச்சமாகப் படம் பிடித்து அனுப்புகிறேன். நீ ஜனவரியில் வந்து முழங்காலிடும்போது காலில் ஒரு முள் குத்தாது.

அம்மா அந்தக் கல்லுக்கு அடியில் இருந்து உங்கள் எல்லோரையும் ஆசீர்வதித்துக்கொண்டே இருக்கிறாள்.

உன் அக்கா,
பிரபாவதி


திண்டிவனம்
23-10-2025

என் தம்பி அன்புச்செல்வனுக்கு,

இயேசுவுக்குப் புகழ். ஒரு வாரமாக நீ படம் எங்கே, படம் எங்கே என்று கேட்கிறாய். மழை, போனில் சார்ஜ் இல்லை, மாமாவுக்கு உடம்பு சரியில்லை என்று வாய்க்கு வந்த பொய்யெல்லாம் சொல்லிவிட்டேன். மாமா கல்லுக்குண்டு மாதிரி இருக்கிறார். வாட்ஸப்பில் பேசிப் பேசி அழித்துவிட்டேன், என் குரலை நானே கேட்கப் பிடிக்கவில்லை. அதனால் தாளில் எழுதி, தாளைப் படம் பிடித்து அனுப்புகிறேன். வேலை முடிந்து வீட்டுக்குப் போய், உட்கார்ந்து படி. கவிதா பக்கத்தில் இருக்கட்டும்.

நீ கல் வைத்த இடம் அம்மாவுடையது இல்லை.

முள்ளை வெட்டி முடித்த அன்று காலையில் சாமியாரும் நானும் ஊர்க்காரர்கள் சிலரும் நோட்டோடு போனோம். வாசலில் நின்று பார்த்தபோதே எனக்குத் திக்கென்றது. நம் ஊர் வழக்கம் உனக்குத் தெரியும். பெரியவர்களை மேற்கே அடக்கம் பண்ணுவார்கள், குழந்தைகளைக் கிழக்கு மதிலோரம் தனி வரிசையில் வைப்பார்கள். முள் இருந்தவரை வரிசை தெரியவில்லை. இப்போது தெரிந்தது. மதிலோரம் வரிசையாக இரண்டு முழ நீளத்துக்குக் கரைந்துபோன குட்டிக் குட்டி மேடுகளின் தடங்கள், அவற்றின் நடுவில் ஆள் நீளத்துக்கு நம் கறுப்புக் கல். மரியபுஷ்பம் என்ற பெயர் தங்க எழுத்தில் மின்னுகிறது. யாரும் வாய் திறந்து சொல்ல வேண்டியிருக்கவில்லை, எல்லார் கண்ணும் அங்கேதான் இருந்தது. ஊர்ப் பெரியவர் பூமாலை மட்டும், இது புள்ளைங்க வரிசையாச்சே என்று மெல்லச் சொன்னார்.

எப்படி இந்தத் தப்பு நடந்தது என்று அப்புறம்தான் யோசித்துப் பார்த்தேன். அப்பாவைப் பட்டணத்திலேயே அடக்கம் பண்ணிவிட்டதால் நம் வீட்டில் இந்த மண்ணுக்குப் போன முதல் ஆள் அம்மாதான். அம்மா இறந்தபோது உனக்கு லீவு தரவில்லை. நான் ஊரில்தான் இருந்தேன், ஆனால் அடக்கத்துக்குப் பெண்கள் கல்லறைக்குள் போகும் வழக்கம் அப்போது நம் ஊரில் இல்லை, கோயில் வாசலோடு திரும்பிவிட்டோம். வேப்பமரத்துக்குக் கிழக்கே வைத்தோம் என்று மாசிலாமணி சித்தப்பா வந்து சொன்னார். அந்த மார்கழியில்தான் தானே புயல் வந்தது. அடுத்த வருஷம் நீ கல்லுக்குப் பணம் அனுப்பினாய். சித்தப்பாவுக்குக் கண்ணில் புரை விழுந்திருந்தது, வாசலில் நின்று தடியை நீட்டி, அதோ அந்த வேப்பமரத்துக்குக் கிழக்கால என்றார். நானும் அவர் பக்கத்தில்தான் நின்றேன். புதுப் புடவை கட்டியிருந்தேன், முள் கிழித்துவிடும் என்று உள்ளே போகவில்லை. மேஸ்திரிதான் போனார். இப்போது முள்ளை வெட்டியபோது மேற்கே ஒரு வேப்பமரத்தின் அடிமரம் கிடக்கிறது, அந்தத் தானே புயலில் முறிந்தது. அங்கே இருந்தது இரண்டு வேப்பமரம், தம்பி.

இதுவரைக்கும் சொன்னது தெரியாமல் நடந்தது. இனிமேல் சொல்லப் போவது அப்படி இல்லை.

அந்தக் கல்லுக்கு அடியில் இருப்பது அம்மணியின் மகள் வேணி. ஒன்றாம் வகுப்பில் சேர்ந்த வருஷமே காய்ச்சலில் போனாளே, அந்தக் குழந்தை. இதை அம்மணி சொல்லவில்லை. சாமியார்தான், இங்க யாரு இருக்காங்கன்னு யாருக்காவது தெரியுமா என்று கேட்டார். கூட்டத்தின் பின்னால் நின்றிருந்த அம்மணி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். அப்போது நான் என்ன செய்திருக்க வேண்டும்? அவள் கையைப் பிடித்திருக்க வேண்டும். நான் என்ன செய்தேன் தெரியுமா? இத்தனை வருஷம் வாயை மூடிக்கொண்டு இருந்து எங்களை முட்டாளாக்கிவிட்டாயே, புடவை வாங்கும்போதாவது சொல்லியிருக்கக் கூடாதா என்று சாமியார் முன்னால், ஊர் முன்னால் கத்தினேன். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளை அதட்டுகிற அதே குரல். அவள், தப்புதாங்க டீச்சரம்மா என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். என் வீட்டுக் கல் அவள் பிள்ளையின் நெஞ்சில் கிடக்கிறது, மன்னிப்பு கேட்டது அவள். பஸ் ஏறித் திண்டிவனம் வந்து சேரும்வரை யார் முகத்தையும் நான் ஏறிட்டுப் பார்க்கவில்லை.

இரண்டு நாள் வீட்டிலேயே கிடந்தேன். மாமாவே காப்பி போட்டுக் கொடுத்தார். அப்புறம் கிளம்பி அம்மணி வீட்டுக்குப் போனேன். நாம் பிறந்த வீட்டிலிருந்து நாலு வீடு தள்ளித்தான். நாமும் அங்கே கேப்பைக் கூழ் குடித்து வளர்ந்தவர்கள்தான். ஆனால் நான் வேலைக்குப் போன பிறகு அந்த வீட்டு வாசற்படி ஏறியதே இல்லை. அடுப்புக்குப் பக்கத்துச் சுவரில் ஒரு சின்ன இரும்புச் சிலுவை மாட்டியிருந்தது. சைக்கிள் கேரியர் கம்பியை வளைத்து அவள் புருஷன் துரைக்கண்ணு செய்தது. வேணிக்காக. கல் வைத்த அன்று மேஸ்திரி அதைப் பிடுங்கி வேலியோரம் எறிந்திருக்கிறார், இவள் எடுத்து வந்து வைத்துக்கொண்டாள்.

அன்றைக்கே ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். இந்தத் தடவை மெல்லத்தான் கேட்டேன். அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "ஒங்க தம்பி போன்ல கல்லப் பாத்துக்கினு அழுதுக்கினு இருந்தாரு. நீங்களும் அழுதுக்கினு இருந்தீங்க. அந்த நேரத்துல போயி இது என் புள்ளையோட எடம்னு எப்புடிங்க சொல்றது? அப்புறம் சொல்லிக்கலாம்னு இருந்தேன், நாளு போயிடுச்சி" என்றாள். இன்னொன்றும் சொன்னாள். போன வருஷ மழையில் மதில் சாய்ந்து தண்ணீர் புகுந்தபோது மண்மேடெல்லாம் கரைந்துவிட்டதாம். "ஒங்க கல்லு இருந்ததாலதாங்க என் பாப்பா எடம் நின்னுச்சி. நீங்க நல்லா இருக்கணும்" என்றாள்.

இதற்கு அவள் என்னை நாலு வார்த்தை திட்டியிருக்கலாம். வருஷா வருஷம் தன் பிள்ளைக்கு மெழுகுவத்தி கொளுத்த வந்தவளை, கல்லில் கறை படும் என்று கீழே வைக்கச் சொன்னேன். அவள் எடுத்துக் கீழே வைத்தாள். அதற்குக் கூலியாக நான் கொடுத்த புடவையைத்தான் அன்றைக்கு அவள் கட்டியிருந்தாள். போன கடிதத்தில் இதையெல்லாம் பெருமையாக உனக்கு எழுதினேன். அந்தக் கடிதத்தைக் கிழித்துப் போட்டுவிடு.

சாமியார், விட்டுடுங்க டீச்சர், ரெண்டு பேருமே கடவுள்கிட்டதான் இருக்காங்க, கல்லு இருந்தபடி இருக்கட்டும் என்றார். அம்மணியும் அதைத்தான் சொல்கிறாள். நீ ஜனவரியில் வந்து அந்தக் கல்லைக் கட்டிக்கொள்வாய் என்று நினைத்தால் எனக்கும் விட்டுவிடலாம் என்றுதான் தோன்றியது. போன தடவை கன்னத்தைக் கல்லில் வைத்துக்கொண்டு எழுந்திருக்கவே மாட்டேன் என்று கிடந்தாயே. அம்மா முகத்தைக் கடைசியாகப் பார்க்காத உனக்கு அந்தக் கல்தான் அம்மா. அதைப் பிடுங்க எனக்கு என்ன உரிமை என்று யோசித்து யோசித்துத் தூக்கமே போய்விட்டது.

ஆனாலும் பதிவேட்டில் அந்த இடத்துக்கு நேராக, வேணி, தாய் அம்மணி, தந்தை துரைக்கண்ணு என்று எழுதிவிட்டேன். உன்னைக் கேட்கவில்லை. அம்மணியை இதுவரை யாரும் கேட்டதில்லையே, அதனால் இந்த ஒரு தடவை உன்னைக் கேட்காமல் எழுதினேன். அம்மாவின் பெயரை, இடம் தெரியாதவர்கள் என்று கடைசிப் பக்கத்தில் எழுதினேன். அந்தப் பக்கத்தில் நிறையப் பெயர் இருக்கிறது. தலையைச் சொறிகிறார்கள் என்று யாரை எல்லாம் ஏசினேனோ அவர்கள் வீட்டுப் பெயர்கள்தான். என் கையெழுத்து அந்தப் பக்கத்தில் மட்டும் கோணல்மாணலாக விழுந்திருக்கிறது.

முறிந்த வேப்பமரத்துக்குக் கிழக்கே இருந்த மேடுகளும் கரைந்துவிட்டன. கொஞ்சம் மேடு மாதிரி ஐந்தாறு தடம் தெரிகிறது. அம்மா அதில் ஒன்றில் இருக்கலாம். நான் ஒவ்வொன்றாகப் போய் நின்று பார்த்தேன். ஒன்றும் தெரியவில்லை, தம்பி. பெற்ற மகளுக்கு ஏதாவது தெரியும் என்று நினைத்தேன்.

உன்னிடம் கேட்பது இதுதான். கல்லை அங்கிருந்து பெயர்த்து இங்கே போடு என்று சொல்லிவிடாதே. கவிதா அப்படிச் சொன்னாலும் நீ எடுத்துச் சொல்லு. உன் உழைப்பில் வந்த கல், உன் சம்மதம் இல்லாமல் அதில் ஓர் எழுத்தைத் தொட மாட்டேன். அது அந்தக் குழந்தைக்கே இருக்கட்டும். அம்மா பெயரை எடுத்துவிட்டு வேணி பெயரை வெட்டச் சொல்லட்டுமா? சரி என்று ஒரு வார்த்தை அனுப்பு, திருநாளுக்கு முன்னால் ஆளைக் கூட்டி வருகிறேன். கோபம் வந்தால் என்னைத் திட்டு, போனை எடுக்காமல் மட்டும் இருந்துவிடாதே. ஜனவரியில் கட்டாயம் வா. முழங்காலிட ஓர் இடம் இல்லை என்று வராமல் இருந்துவிடாதே.

திருநாளன்று அம்மணியை மெழுகுவத்தியைக் கல்லின் நடுவில் வைக்கச் சொல்லப் போகிறேன். மெழுகு ஒட்டினால் ஒட்டட்டும். அவளோடு நானும் ஒன்று வைக்கலாமா என்று கேட்டிருக்கிறேன். வாங்க டீச்சரம்மா என்றாள்.

உனக்கும் கவிதாவுக்கும் பிள்ளைகளுக்கும் அம்மாவின் ஆசீர்வாதம் எப்போதும் உண்டு. எந்த இடத்திலிருந்து கொடுக்கிறாள் என்றுதான் அக்காவுக்குத் தெரியவில்லை. மன்னித்துக்கொள்.

உன் அக்கா,
பிரபாவதி