படத்துக்காகக் கட்டிய பாலத்தைப் பிரிக்க வேண்டாம்

அனுப்புநர்:
லுவோ யூச்சிங்,
லுவோஜியா கிராமம்,
மேற்கு ஹூனான்.

பெறுநர்:
உயர்திரு தலைவர் அவர்கள்,
மாவட்டப் பண்பாட்டு அலுவலகம்.

பொருள்: போர்ப்படத்துக்காக ஓடையின் மேல் கட்டப்பட்ட பாலத்தை விட்டுவைக்க வேண்டுதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. முதலில் நன்றி. வெள்ளத்தில் அறுந்து மிதக்கும் ஒரே பலகையில் சீனச் சிப்பாயும் ஜப்பானியச் சிப்பாயும் சிக்கிக்கொள்ளும் அந்தப் படத்தை எங்கள் ஓடைக்கரையில் எடுக்கத் தாங்கள் அனுமதி தந்தீர்கள். அதனால் விளைந்த நன்மையை நேரில் சொல்ல வந்து, வாசற்காவலரைக் கண்டதும் திரும்பிவிட்டேன். ஆகவே எழுதுகிறேன்.

2. இக்கரை லுவோஜியா, அக்கரை ஷியாங்ஜியா. அக்கரை ஷியாங் கெங்ஷெங்கின் வாத்துகள் எங்கள் நாற்றங்காலை மேய்ந்துவிட்டதாக என் தந்தை லுவோ பௌலின் சண்டையிட்டபோது நான் தொடக்கப் பள்ளியில் இருந்தேன். அன்று முதல் இரு வீட்டாருக்கும் பேச்சில்லை.

3. படத்தில் இருவருக்கும் பிணவேடம். உடை கொடுத்தவர் விவரம் அறியாமல் என் தந்தைக்கு ஜப்பானியச் சீருடையை மாட்டி, கெங்ஷெங்கின் மூக்கோடு மூக்கு உரசும்படி சேற்றில் கிடத்திவிட்டார். நான் கரையில் தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தேன்.

"உனக்குப் பொருத்தமான சட்டையாத்தான் குடுத்திருக்கான்" என்றார் கெங்ஷெங்.

"உன் வாத்து மேயாத இடமாப் பாத்துப் படுத்திருக்கேன். வாய மூடு" என்றார் தந்தை.

"பொணங்க பேசக் கூடாது!" என்று ஒலிபெருக்கி அதட்டியது. இருவரும் சிரித்துவிட்டதால் காட்சியை மறுபடி எடுக்க வேண்டியதாயிற்று.

4. பிணமாக நடித்தவர் எழும்போது பீடை கழியப் பணம் வைத்த சிவப்பு உறை கொடுக்கும் வழக்கத்தைத் தாங்கள் அறிவீர்கள். படக்குழு உதவியாளர் என் தந்தைக்குக் கொடுத்துவிட்டு, கெங்ஷெங்கை மறந்து நகர்ந்துவிட்டார். "அவன் ஒழிஞ்சாத்தான் என் நாத்து பொழைக்கும்" என்று வீட்டில் ஓயாமல் சொல்லி வந்த என் தந்தை, சேற்றை விட்டு எழ மறுத்தார்.

"அவனுந்தான செத்தான்? அவனுக்குக் குடுக்காம நான் எந்திரிக்க மாட்டேன்."

அடுத்த காட்சிக்குரிய குதிரைகள் காத்து நின்றன. உறை வந்தது. ஒருவர் கையைப் பிடித்து ஒருவர் எழுந்தார்கள்.

5. இப்போது மாலைதோறும் பாலத்தின் நடுவில் சதுரங்கம் நடக்கிறது. சத்தமும் உண்டு. பாலமேறி வரும் வாத்துகளை என் தந்தையே அக்கரைக்கு ஓட்டிவிடுகிறார்.

6. தற்காலிக அமைப்புகளைப் பிரிக்க வேண்டுமென்ற அறிவிப்பைப் பார்த்தோம். அதில் தவறு காணவில்லை. ஆனால் உளுத்த பலகைபோல் தெரிவது சாயம்தான். குதிரைவண்டிகள் ஓட வேண்டியிருந்ததால் உள்ளே இரும்புத் தூலம் போட்டிருக்கிறார்கள். பொறியாளர் ஒருவரை அனுப்பிச் சோதித்து, உறுதியாக இருந்தால் பாலத்தை விட்டுவைக்கும்படி வேண்டுகிறேன். கைப்பிடி அமைக்க இரு ஊராரும் ஆள் தருவார்கள். பாலம் போனால் மலையைச் சுற்றித்தான் வர வேண்டும். அவ்வளவு தூரம் நடந்து வந்து பேசுமளவுக்கு இவர்களுடைய சமாதானம் இன்னும் முற்றவில்லை, ஐயா.

கீழே அவர்களும் கையொப்பமிட்டுள்ளனர். யார் பெயர் முதலில் என்பதில் தகராறு வந்ததால், பக்கத்தில் பக்கத்தில்.

நன்றி மறவாத,
லுவோ யூச்சிங்

லுவோ பௌலின் — ஷியாங் கெங்ஷெங்

இடம்: லுவோஜியா
நாள்: ஆறாம் மாதம் 9