தெற்குச் சுவரின் வயது

14.6.1989

அன்புள்ள அண்ணாவுக்கு மதுரம் எழுதுவது. நமஸ்காரம்.

ஒரே மாதத்தில் கட்டிய இரண்டில் ஒன்று பழமை, மற்றது ஆக்கிரமிப்பு என்று ஆவது எப்படி? தெற்குச் சுவருக்கு வெளியே குடியிருக்கும் அம்சவல்லி காலையில் கேட்டார்.

நம் தெருவைப் பழமை மாறாமல் பாதுகாக்கும் பட்டியல் நாளை முடிவாகிறது. நீ அனுப்பிய வரைபடத்தில் தெற்குச் சுவருக்கு இருநூறு வயது. அதற்கு வெளியே இருக்கும் கொடிமேடை இடிக்க வேண்டியது. சரித்திரம் படித்தவள் என்பதால் அதிகாரி என் கையெழுத்தைக் கேட்கிறார்.

எழுபதாம் வருஷம் தை மாதம், கூலித் தகராறில், கூலியாட்கள் தெருவுக்குள் வரக்கூடாதென்று அப்பா எழுப்பிய சுவர் அது. நீயும் பக்கத்தில் நின்றாய். இடிந்த சத்திரத்துச் செங்கல் என்பதால் பழையதாகத் தெரிகிறது. அதே தையில் களத்தில் அடிபட்டுச் செத்த தங்கையன் நினைவாகச் சங்கத்துக் கொடியோடு எழுந்தது மேடை. அம்சவல்லியின் தம்பி. அவன் பெயர் வேறெங்கும் எழுதப்படவில்லை.

நேற்றிலிருந்து ஐம்பது பேர் மேடையைச் சுற்றி உட்கார்ந்திருக்கிறார்கள். எதிரே போலீஸ் வேன். பக்கத்து வீட்டுக் கல்யாணம் மாமா, "பேசாம கையெழுத்தப் போடு மதுரம், தெரு பொழச்சுக்கும்" என்கிறார். அதுவும் உண்மைதான். பட்டியலில் சேராவிட்டால் நான்கு வீடுகள் ரைஸ்மில்காரருக்குப் போய்விடும். நம்முடையதும் அதில் ஒன்று. அந்தத் தூண்கள்மேல் எனக்கும் ஆசை உண்டு.

அம்சவல்லி குரலை உயர்த்தவில்லை. "சத்திரத்துக் கல்லத் தலையில சொமந்ததே எங்க அய்யாதாம்மா. மிஞ்சுனதுலதான் மேட. ஒண்ணப் பேத்துப் பாருங்க" என்றார். பார்த்தேன். அதே பட்டைச் செங்கல்.

நாளை இரண்டுக்கும் எதிரே 1970 என்று எழுதப்போகிறேன். கோபித்துக்கொள். ஆனால் ஊருக்கு வராமல் இருந்துவிடாதே. ஆவணி அவிட்டத்துக்கு மன்னியையும் அழைத்து வா. வீடு அதுவரை இருக்கும்.

உன் தங்கை,
மதுரம்

15.6.1989

கடிதத்தை இன்னும் தபாலில் சேர்க்கவில்லை. நடந்ததையும் எழுதிவிடுகிறேன்.

எழுதினேன். அதிகாரி இரண்டு செங்கல்லையும் அளந்து பார்த்து, இரண்டும் ஒன்றே என்பதால் வரைபடம் பொய் என்று விண்ணப்பம் முழுவதையும் திருப்பிவிட்டார். வேன் போயிற்று. உட்கார்ந்திருந்தவர்கள் எழுந்து போனார்கள். கல்யாணம் மாமா என்னைப் பார்த்ததும் கதவைச் சாத்திக்கொண்டார்.

சாயங்காலம் அம்சவல்லி நம் வீட்டுக்கு வந்தார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. "மில்லுக்காரன் இடிக்க வந்தா சொல்லியனுப்புங்கம்மா. வந்து உக்காருறோம். எங்களுக்குப் பழக்கந்தானே" என்றார். கேலியா என்று தெரியவில்லை.

சுவர் இன்னும் நிற்கிறது. வரப்பு வழியாகச் சுற்றித்தான் வந்திருந்தார். கால் முழுக்கச் சேறு.