கேமராவைக் கழற்றியது நான்தான்

அன்பு மகனுக்கு, அப்பா எழுதுவது.

நீ வேளைக்குச் சாப்பிட்டு, நேரத்துக்குத் தூங்கி, நல்லபடியாக இருப்பாய் என்ற நம்பிக்கையில் இதை எழுதுகிறேன். இங்கே நான், உன் அம்மா, உன் மனைவி, பிள்ளைகள் பாப்பா, வாலு இரண்டு பேரும் சுகம். ஹாலில் நீ மாட்டச் சொன்ன கேமராவும் சுகம்தான், என் பீரோவில் பழைய சட்டைகளுக்கு அடியில் வயரைச் சுற்றிக்கொண்டு நிம்மதியாகப் படுத்திருக்கிறது. அதைக் கழற்றியது நான். உன் மனைவி இல்லை, நான். முதலில் இதை இன்னொரு முறை படித்துக்கொள், மற்றதெல்லாம் அப்புறம்.

ஃபோனிலேயே சொல்லியிருக்கலாமே என்று கேட்பாய். ஃபோனில் நான் ஒரு வார்த்தை ஆரம்பித்தால் நீ அதற்குள் பத்து வார்த்தை குறுக்கே விடுவாய், நானும் ஆயுசெல்லாம் பஸ்ஸில் கண்டக்டராக நின்று 'உள்ள போங்க, உள்ள போங்க' என்று கத்திப் பழுத்த தொண்டையைத் திறப்பேன், கடைசியில் யாருக்குப் பெரிய தொண்டை என்று தெரியுமே தவிர விஷயம் விளங்காது. கடிதத்துக்குக் குறுக்கே யாரும் பேச முடியாது பார். பிடிக்காவிட்டால் கசக்கி எறி, ஆனால் எறிவதற்கு முன்னால் கடைசி வரி வரைக்கும் படித்துவிடுவாய், நீ என் பிள்ளைதானே.

போன வாரம் நீ உன் மனைவியைக் கூப்பிட்டு, 'நீதான கழட்டின? என்னத்த மறைக்கற?' என்று கேட்டாயாம். மாதக் கடைசிக்குள் கேமரா மறுபடி சுவரில் ஏறாவிட்டால் வேலையை எழுதிக் கொடுத்துவிட்டு வீட்டோடு கிடந்து பிள்ளைகளைப் பார்க்கட்டும் என்று கெடு வேறு வைத்தாயாம். அன்றையிலிருந்து அவளோடு பேச்சையே நிறுத்திவிட்டாயாம். 'மாமாதான் கழட்டினாரு' என்று ஒரே வாக்கியத்தில் அவள் தப்பித்திருக்கலாம், சொல்லவில்லை. உன் அம்மாதான் பக்கத்து அறையில் துணி மடிக்கிற சாக்கில் நின்று எல்லாவற்றையும் கேட்டுவிட்டு என்னிடம் வந்து கொட்டினாள், அவள் காது எப்படிப்பட்டது என்று உனக்குத் தெரியாததா. நான் நேரே மருமகளிடம் போய், 'ஏம்மா, என் தலையில போட்டிருக்கலாமில்ல?' என்று கேட்டேன். 'அப்பாவும் புள்ளையும் என்னால சண்ட போட்டுக்கக் கூடாது மாமா' என்கிறாள். எனக்குக் கோபம் வந்தது, அவள்மேல் இல்லை, உன்மேல்.

நீ ஆசைப்பட்டதை நான் குறை சொல்லவில்லை. வாலு தவழ்ந்துகொண்டிருந்தபோது தூரதேசத்து வேலைக்குப் போனவன் நீ, இப்போது அவன் கதவுத் தாழ்ப்பாளை எட்டித் திறக்கிறான். 'பசங்க பல்லு தேய்க்கறதக்கூட பாக்கக் குடுத்து வைக்கலப்பா' என்று நீ அன்றைக்குச் சொன்னது இன்னும் என் காதிலேயே நிற்கிறது. பிள்ளைகளின் ஒவ்வொரு நாளும் எங்கேயாவது பதிவாகி இருக்கட்டும், திரும்பி வந்து உட்கார்ந்து பார்க்கிறேன் என்றாய். நானேதான் ஸ்டூல் போட்டு ஏறி ஸ்க்ரூ முடுக்கினேன். முதலில் நன்றாகத்தான் இருந்தது. பாப்பா எழுதும்போது நாக்கை ஓரமாக நீட்டிக்கொண்டே எழுதுகிறாள் என்று நீ அங்கிருந்து கண்டுபிடித்துச் சொன்னபோது வீடே சிரித்தது. பிறகு என்ன ஆயிற்று? மெல்ல மெல்ல நீ அப்பாவாக இருந்து செக்கர் ஆகிவிட்டாய். எங்கள் பஸ்ஸில் செக்கர் ஏறினால் டிக்கெட்டைக் கையிலேயே வைத்திருப்பவன்கூடப் பயந்துபோய்ப் பையைத் தடவுவான். அதுதான் இங்கே நடந்தது. ஏன் பத்து நிமிஷமா டிவி ஓடுது, ஏன் வாலு சட்டையில்லாம திரியறான், அம்மா ஏன் தனியா காய் நறுக்கறாங்க, நீ எங்க போன? இத்தனைக்கும் அவள் எங்கே போனாள், குளிக்கப் போனாள். குளிக்கிறதுக்கும் உன்னிடம் சீட்டு வாங்க வேண்டுமா?

உன் கேள்விகளுக்குப் பயந்து இந்தக் குடும்பம் முழுக்க ஹாலுக்குக் குடி வந்த கதை உனக்குத் தெரியாது. சமையலறை மேஜை கேமராவில் விழாது என்பதால் சாப்பாடு ஹாலில். ஜன்னல் வெளிச்சத்தில் படித்துக்கொண்டிருந்த பாப்பா மங்கல் பல்புக்கடியில் ஹாலில். உச்சகட்டம் எது தெரியுமா, பல் தேய்ப்பது ஹாலில். ஒரு பிளாஸ்டிக் பக்கெட்டை நடுவில் வைத்து, இரண்டு பேரும் அதில் துப்ப, உன் அம்மா தூக்கிக்கொண்டு போய் ஊற்ற, எந்த வீட்டில் நடக்கும் இந்தக் கூத்து? ஒருநாள் பாப்பா பால் குடிக்கவில்லை என்று நீ ஃபோனில் குதித்தாயே, ஞாபகம் இருக்கிறதா? அவள் அடுப்படியில் நின்று ஒரு டம்ளர் நிறையக் குடித்துவிட்டுத்தான் வந்திருந்தாள். அதைச் சொன்னால் நீ நம்ப மாட்டாய் என்று உன் மனைவி இன்னொரு டம்ளர் ஆற்றிக் கொண்டுவந்து கேமராவைப் பார்க்க உட்கார வைத்துக் குடிக்க வைத்தாள். குழந்தையும் மறுக்காமல் குடித்தது. நீ 'ம், குட்' என்று வைத்துவிட்டாய். பள்ளிக்கூட வாசலில் என் செருப்பின் மேலேயே எல்லாவற்றையும் வாந்தி எடுத்தாள். அதைப் பார்க்க அங்கே உன் கேமரா இல்லை, நான்தான் இருந்தேன், துடைத்தேன்.

இன்னொரு நாள் பாப்பா கை தவறி ஒரு கண்ணாடி டம்ளர் உடைந்தது. குழந்தை என்றால் காலைப் பார்க்கும், இல்லை அம்மாவைப் பார்க்கும். இவள் சுவரைப் பார்த்தாள். என் பக்கத்தில் ஒட்டி வந்து காதுக்குள், 'அப்பா பாத்திருப்பாங்களா தாத்தா? அம்மாவத் திட்டுவாங்களா?' என்று கேட்டாள். தனக்குத் திட்டு விழும் என்று பயப்படவில்லை, கவனித்தாயா? அன்றைக்கே கழற்றியிருப்பேன், உன் அம்மாதான் 'அவன் ஏங்கிப் போயிடுவான்ங்க' என்று கையைப் பிடித்துக்கொண்டாள்.

அப்புறம் வாலு விழுந்தது. அதை நீயும் பார்த்தாய், ஆனால் பாதிதான் பார்த்தாய். நீ அப்போது தூக்கத்தில் இருந்தாய், எழுந்து பதிவைப் போட்டுப் பார்த்துவிட்டு, பையன் சோபா கைப்பிடியில் ஏறும்போது நீ அடுப்படியில என்ன பண்ணிட்டிருந்த என்று அவளைக் கேட்டாய். நீ சத்தம் வைத்துப் பார்த்தாயா? அவன் ஏறி நின்று 'அப்பா பாரு, அப்பா பாரு' என்று உன்னைக் கூப்பிட்டுக் கூப்பிட்டுத்தான் குதித்தான். உனக்குக் காட்டத்தான் குதித்தான். நீ பார்க்கிறாய் என்று நினைத்துக்கொண்டு இருந்தான் அந்தப் பாவி. தாடையில் தையல் போட்டு, மடியில் அவனைத் தூங்க வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவளிடம் நீ கேட்ட கேள்வியைத் தொலைபேசி ஸ்பீக்கரில் நானும் கேட்டேன். அவள் பையனைச் சோபாவில் கிடத்திவிட்டு எழுந்து சமையலறைக்குப் போனாள். அழுவதற்கு இந்த வீட்டில் அவளுக்கு மிஞ்சியிருந்த ஒரே இடம் அதுதான். நான் ஸ்டூலை இழுத்துப் போட்டேன். உன் அம்மா இந்தத் தடவை என் கையைப் பிடிக்கவில்லை, ஸ்டூலைப் பிடித்துக்கொண்டாள்.

இனி அது இந்தச் சுவரில் ஏறாது. நீ கெடு வைத்தாலும் சரி, கோபித்துக்கொண்டு என்னோடும் பேசாமல் இருந்தாலும் சரி, ஊரைக் கூட்டிப் பஞ்சாயத்து வைத்தாலும் சரி. அவள் வேலையையும் விட மாட்டாள். நான் சொல்லித்தான் விடவில்லை என்றே வைத்துக்கொள். அவள் வேலை பார்க்கிற ரத்தப் பரிசோதனை நிலையத்துக்குப் போன மாதம் எனக்குச் சர்க்கரை பார்க்கப் போயிருந்தேன். ஊசியைப் பார்த்து ஊரே கேட்க அலறிக்கொண்டிருந்த ஒரு பிள்ளையிடம் இவள் ஏதோ எண்ணச் சொன்னாள், அது எண்ணி முடிப்பதற்குள் வேலை முடிந்துவிட்டது, பிள்ளை ஊசி எங்கே என்று தேடுகிறது. அங்கே அவள் நிமிர்ந்து நடக்கிறாள் தம்பி. நம் வீட்டு ஹாலில்தான் முதுகு வளைந்து நடந்துகொண்டிருந்தாள்.

சரி, பிள்ளைகளின் அன்றாடம் உனக்குத் தெரிய வேண்டும், அவ்வளவுதானே? இன்றைய காலையை எழுதுகிறேன், படி. வாலு எழுந்ததும் எங்கள் கட்டிலுக்கு வந்து என் மூக்கை மூடினான், மூச்சு முட்டி நான் எழுந்ததும் 'தாத்தா உயிரோடதான் இருக்காரு' என்று உன் அம்மாவுக்கு அறிவிப்புக் கொடுத்தான். பல் தேய்ப்பு பாத்ரூமிலேயே நடந்தது, பக்கெட்டுக்கு விடுதலை. என் பிரஷ்ஷில் தான்தான் பேஸ்ட் வைப்பேன் என்று ஒற்றைக் காலில் நின்றான், வைத்ததில் பாதி என் பனியனில். நீலக் கப் யாருக்கு என்று இரண்டு பேருக்கும் சண்டை, உன் மனைவி அந்தக் கப்பை எடுத்துத் தானே குடித்துவிட்டாள், தீர்ந்தது வழக்கு. பாப்பாவுக்குப் பின்னல் நான்தான் போட்டேன், அம்மாவும் பாட்டியும் கைவேலையாக இருந்தார்கள். வகிடு கொஞ்சம் மலைப்பாதை மாதிரி வளைந்துவிட்டது. கண்ணாடியில் பார்த்துவிட்டு, 'பரவால்ல தாத்தா, யாராவது கேட்டா தூக்கத்துல கோணிடுச்சுன்னு சொல்லிக்கிறேன்' என்று எனக்கே ஆறுதல் சொன்னாள். முட்டையில் மஞ்சள் வேண்டாம் என்று வாலு ஒதுக்க, வெள்ளை வேண்டாம் என்று பாப்பா ஒதுக்க, இருவர் தட்டையும் மாற்றி வைத்துவிட்டுத் தன் பங்கு ரொட்டியை நின்றுகொண்டே தின்றாள் உன் மனைவி. வாலு ஷூவை இடம் வலம் மாற்றிப் போட்டுக்கொண்டு, இதுதான் சரி என்று சாதித்தான், விட்டுவிட்டோம், தெருமுனையில் கால் வலித்ததும் அவனே உட்கார்ந்து மாற்றிக்கொண்டான். நான் வாசலில் நின்று 'ரைட், ரைட்' என்று குரல் கொடுத்தால்தான் அம்மாவும் பிள்ளைகளுமான இந்த வண்டி கிளம்பும், அதுவும் நடந்தது. உன் மனைவி படியிறங்கும்போது எதற்கோ சத்தமாகச் சிரித்தாள். எதற்கு என்று நான் கேட்கவில்லை, எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டே இருக்கக் கூடாது.

இப்படித் தினமும் வேண்டுமானால் வரும். பாப்பா என் ஃபோனில் அவளாகவே படம் எடுத்து அனுப்புகிறேன் என்கிறாள். எதை எடுப்பது என்று அவள்தான் முடிவு செய்வாள். நேற்று எடுத்தது மூன்று: பாட்டியின் குதிகால், தம்பியின் தாடை பிளாஸ்திரி, ஜன்னலில் உட்கார்ந்த ஒரு கரப்பான்பூச்சி. பார்த்து ரசி. ஜன்னல் ஏன் அழுக்காக இருக்கிறது என்று ஒரு வார்த்தை கேட்டாயோ, அன்றோடு படம் நின்றுபோகும், சொல்லிவிட்டேன். இதைப் படித்து முடித்ததும் எனக்கு ஃபோன் செய்யாதே, அவளுக்குச் செய். முதல் வார்த்தை 'ஏன்' என்று ஆரம்பிக்கக் கூடாது. தப்பு செய்தேன் என்று சொல்ல வாய் வராவிட்டால், சாப்பிட்டாயா என்றாவது கேள், அவளுக்கு விளங்கும்.

ஒன்றை மட்டும் சொல்லாமல் விட்டால் எனக்குச் சோறு இறங்காது. கழற்றிய மறுநாள் காலை வாலு ஹாலுக்கு வந்து சுவரை அண்ணாந்து பார்த்தான். 'அப்பா எங்க போய்ட்டாரு?' என்று கேட்டான். எனக்கு முதலில் புரியவில்லை. இத்தனை நாளாக அவனுக்கு அந்தப் பெட்டிதான் அப்பா. காலையில் அதைப் பார்த்துக் கையசைப்பான், ராத்திரி அதற்கு முத்தம் கொடுப்பான், நாங்களும் அழகு என்று பார்த்துக்கொண்டிருந்திருக்கிறோம், மடையர்கள். அவனைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, 'அது அப்பா இல்லடா, வெறும் பெட்டி. அப்பாவுக்குக் கை இருக்கு, கால் இருக்கு, உன்ன மாதிரியே பெரிய காது இருக்கு, தூரத்துல வேல பாக்கறாரு' என்றேன். தன் காதைத் தொட்டுப் பார்த்துக்கொண்டான். பிறகு, 'என்னத் தூக்குவாரா?' என்று கேட்டான்.

தூக்குவார் என்று சொல்லிவிட்டேன். பள்ளி விடுமுறைக்கு வருகிறார் என்றும் சொல்லிவிட்டேன். உன்னைக் கேட்டுக்கொண்டு சொல்லவில்லை, கேட்கப்போவதும் இல்லை. உன் முதலாளியிடம் என்ன சொல்வாயோ, எப்படி லீவு வாங்குவாயோ, அது உன் பாடு. பையன் தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறான்.

உடம்பைப் பார்த்துக்கொள். நீயும் உன் குடும்பமும் நூறு வருஷம் நன்றாக இருக்க வேண்டும் என்று நானும் உன் அம்மாவும் மனதார வாழ்த்துகிறோம். ஒன்று ஞாபகம் வைத்துக்கொள், அவன் வேகமாக வளர்கிறான், கனமும் கூடிக்கொண்டே போகிறது, நீ தூக்க முடிகிற காலத்துக்குள் வந்து சேர்.

இப்படிக்கு,
உன்மேல் கோபம் தீராத, உன்னை விட்டுக்கொடுக்காத
அப்பா